முதல் வீட்டை வடிவமைக்கப்போகும் கட்டடக் கலைஞருக்கு: யோசிக்கும் நாட்களைக் காப்பாற்றும் நடைமுறை

கட்டடக்கலையில் பட்டம் பெற்றுத் தமிழ்நாட்டில் சொந்தமாகத் தொழில் தொடங்கும் பலர், முதல் சில வீடுகளிலேயே ஒரு சுழலில் சிக்கிக்கொள்கிறார்கள். வீடு கட்டுபவர் கைபேசியில் ஒரு முகப்பைக் காட்டுகிறார். அதை அவருடைய மனையில் பொருத்தி வரைந்து கொடுக்கிறோம். அனுமதி, சென்டரிங், கம்பி என்று மாதங்கள் ஓடி, முடிந்த வீட்டில் நம்முடைய யோசனை எதுவுமே இல்லாமல் போகிறது. கற்பனை வறட்சியைக் காரணமாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை, ஆவணங்களையும் அளவுகளையும் விதிகளையும் கட்டணத்தையும் உரிய வரிசையில் வைக்காததால் வடிவமைப்புக்கான நாட்கள் பறிபோவதுதான் காரணம். இந்த வரிசையைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாட்டை இன்னொருவரும் படவேண்டியதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். ஒரு கிரவுண்டுக்கு உட்பட்ட தனி வீடுகளையே மனத்தில் வைத்திருக்கிறேன். அடுக்குமாடிகளுக்கு விதிகளும் செலவுகளும் வேறு.

1. பதிவு எண் வரும்வரை பெயர்ப்பலகை வேண்டாம்

1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே தம் பெயரோடு ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம். அந்தச் சட்டம் பட்டப்பெயரைத்தான் காக்கிறதே தவிர வடிவமைக்கும் வேலையைப் பிறருக்குத் தடைசெய்யவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. ஆகவே பொறியாளரும் வரைவாளரும் உங்களோடு அதே சந்தையில் இருப்பார்கள் என்பதை ஏற்றுக்கொண்டே தொடங்குங்கள்.

பதிவுக்கான விண்ணப்பம் இணையவழியில்தான். பட்டச் சான்றிதழ் அல்லது தற்காலிகச் சான்றிதழ், எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல்கள், அடையாளச் சான்று, முகவரிச் சான்று, ஒளிப்படம், கையெழுத்து ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பெயரின் முன்னெழுத்து ஒரு சான்றிதழில் முன்னாலும் மற்றொன்றில் பின்னால் விரித்தும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். அதுவே விண்ணப்பம் திரும்பி வரக் காரணமாகும். எனவே பெயர் வேறுபாட்டை விண்ணப்பத்துக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் செலுத்தும் நாளில் கவுன்சிலின் இணையதளத்தில் இருக்கும் தொகையையே நம்புங்கள். பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். இதன் பிறகு, அனுமதி வரைபடங்களில் கையெழுத்திடுவதற்காக உங்கள் பகுதியின் திட்ட அமைப்பிலோ உள்ளாட்சியிலோ பதிவுபெற்ற தொழில்முறையாளராகவும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இந்தக் கட்டத்தில் ஒரு பொறி உண்டு. பதிவு எண் கைக்கு வந்ததும், பிறர் வரைந்த வரைபடத்தில் ‘கையெழுத்து மட்டும்’ கேட்டு ஆட்கள் வருவார்கள். மனையைப் பார்க்காமல் வாங்கும் அந்தச் சிறுதொகைக்காக அந்தக் கட்டடத்தின் பொறுப்பு முழுவதையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

2. அளவுநாடாவோடு கட்டடங்களைப் படியுங்கள்

வேலை குறைவாக இருக்கும் முதல் மாதங்களை இதற்குச் செலவிடுங்கள். படங்களைச் சேகரிப்பதால் கண் பழகும். அளந்தால்தான் கை பழகும். சென்னையில் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா வசதியான இடம். தென்மாநிலங்களின் பழைய வீடுகள் அங்கே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. செவ்வாய்க்கிழமை விடுமுறை. காரைக்குடிப் பக்கம் போக முடிந்தால், கானாடுகாத்தானில் பார்வையாளர்களை அனுமதிக்கும் செட்டிநாட்டு வீடுகளில், அனுமதி கேட்டுக்கொண்டு, திண்ணையின் உயரம், முற்றத்தின் அகலத்துக்கும் சுற்றியுள்ள கூரையின் தாழ்வுக்கும் உள்ள விகிதம், சன்னல் அடிமட்டம் தரையிலிருந்து எவ்வளவு என்பதையெல்லாம் அளந்து குறியுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், தம் தெருவில் மே மாதத்திலும் மின்விசிறியைக் குறைவாகப் போடுகிற ஒரு வீட்டைக் கண்டுபிடித்து அதை அளக்கலாம், பலன் குறையாது.

குறிப்பேட்டில் எழுதியதை அன்றிரவே 1:50 அளவில் வரைந்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் எந்த அளவு எந்தச் சுவருடையது என்று மறந்துபோகும். பத்துப் பதினைந்து வரைபடங்கள் சேர்ந்த பிறகு, ‘உட்காரத் தோன்றும் உயரம்’, ‘மழைச்சாரல் உள்ளே வராத ஓரம்’ போன்றவை உங்களிடம் எண்களாக இருக்கும். பின்னாளில் வாடிக்கையாளரிடம் ஒரு யோசனையைத் தற்காத்துப் பேசும்போது கைகொடுப்பவை இந்த எண்கள்தாம்.

3. முதல் சந்திப்பில் வரையாதீர்கள், ஆவணங்களைக் கேளுங்கள்

வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்து காகிதத்தில் கோடு போட்டுக்காட்டுவது திறமையின் அடையாளமாகத் தோன்றும். ஆனால் அந்தக் கிறுக்கலை அவர் வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுவார். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல யோசனை வந்தாலும் அது அந்தக் கிறுக்கலோடு போட்டி போட வேண்டியிருக்கும்.

கேட்க வேண்டியவை: கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்றிதழ், மனைப்பிரிவு அங்கீகார ஆணையும் வரைபடமும், பழைய கட்டடம் இருந்தால் சொத்துவரி ரசீது. இவற்றின் நகல்கள் வந்த பிறகு, பத்திரத்தில் உள்ள நான்கு எல்லை அளவுகளையும் மனையில் நீங்களே நாடா பிடித்து, மூலைவிட்டங்களோடு சேர்த்து அளந்து ஒப்பிடுங்கள். நாற்பது அடி என்று எழுதியிருக்கும் பக்கம் முப்பத்தொன்பதே கால் அடியாக இருப்பதும், செவ்வகம் என்று சொல்லப்பட்ட மனை ஒருபுறம் கோணலாக இருப்பதும் மிகச் சாதாரணம். அரையடி குறைந்தாலும் படிக்கட்டு இடம் மாறும். வேறுபாடு பெரிதாக இருந்தால், உரிமையாளர் நில அளவைக்கு விண்ணப்பித்து எல்லையை உறுதிசெய்யும்வரை வடிவமைப்பைத் தொடங்க வேண்டாம். அதற்கு ஆகும் வாரங்களை உங்கள் கால அட்டவணையில் சேர்க்காதீர்கள்.

அதே சந்திப்பில் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, வீட்டுக் கடன் எவ்வளவு, கைப்பணம் எவ்வளவு என்ற கணக்கு. இன்னொன்று, வீட்டில் யார் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்ற அன்றாடம். ‘மூன்று படுக்கையறை’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வரைந்தால் எல்லா வீடும் ஒரே வீடாகத்தான் வரும். மூன்றாவது, வாஸ்து பார்ப்பார்களா, பார்த்தால் யாரிடம் என்பது. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சமையலறை தென்கிழக்கில் என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டால் அது வடிவமைப்பின் ஒரு நிபந்தனை. கடைக்கால் தோண்டும்போது தெரிந்தால் ஒரு மாத வேலை வீண்.

4. வெயில், காற்று, மழை மூன்றையும் வரைபடமாக்குங்கள்

மனையில் காலை, உச்சி, மாலை என மூன்று வேளையும் நில்லுங்கள். பக்கத்து வீட்டின் நிழல் எதுவரை விழுகிறது, அவர்களுடைய கழிவறைச் சன்னல் எங்கே திறக்கிறது, தெருச் சாக்கடை மனையைவிட உயரமா தாழ்வா, பெருமழையில் தெருவில் தண்ணீர் எந்த அளவுக்கு நின்றது என்று எதிர்வீட்டாரிடம் கேட்டுக் குறியுங்கள். தரைமட்டத்தின் உயரம் இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலிலிருந்துதான் வர வேண்டும்.

வெயிலைப் பற்றி நம் பாடநூல்களில் கிடைக்கும் பொது அறிவுரைகள் பல வடக்கத்திய நாடுகளின் அட்சரேகைக்கு எழுதப்பட்டவை. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்திருக்கும். எனவே ‘வடக்குச் சன்னலில் வெயிலே வராது’ என்பது இங்கே செல்லாது. வடக்குக்கும் சன்ஷேட் வேண்டும். டிசம்பரில் உச்சிவேளைச் சூரியன் தெற்கே சுமார் 53 பாகை உயரத்தில் நிற்பதால், இரண்டடி சன்ஷேட் சன்னலில் ஏறக்குறைய இரண்டே முக்கால் அடிக்கு நிழல் தரும். மேற்கில்தான் தொல்லை. மாலை நான்கு மணிக்கு மேல் சூரியன் 30 பாகைக்குத் தாழ்ந்ததும், அதே இரண்டடி சன்ஷேட்டின் நிழல் சன்னலில் ஓரடியைச் சற்றே தாண்டும். அங்கே சன்ஷேட்டை நீட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. படிக்கட்டு, குளியலறை, அலமாரிச் சுவர், மரம், செங்குத்துப் பலகை என்று வேறு வழிதான் தேட வேண்டும். நல்ல முகப்பு பெரும்பாலும் இந்தத் தேடலில்தான் பிறக்கிறது. வடிவத்தைத் தனியாக யோசிக்க வேண்டியிருக்காது.

காற்று ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். வடகிழக்குப் பருவமழைச் சாரலும் ஏறத்தாழ அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கும். காற்றுக்குத் திறந்து சாரலுக்கு மூட வேண்டிய அந்தக் கிழக்குச் சுவர் ஒன்றே ஒரு வடிவமைப்புக்குப் போதுமான கேள்வி. கோவையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். சென்னையில் கற்றதை அப்படியே கோவைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

5. விதிகளின் கூட்டை முதலில் வரையுங்கள்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 உங்கள் மேசையில் எப்போதும் இருக்க வேண்டும். திருத்தங்கள் அடிக்கடி வருவதால் அச்சுப் பிரதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். சாலை அகலம், மனை அகலம், கட்டட உயரம் ஆகியவற்றைப் பொறுத்து விடவேண்டிய இடைவெளிகளைக் குறித்து, கட்ட அனுமதிக்கப்படும் கனவடிவத்தை, அதாவது விதிகளின் கூட்டை, வெள்ளை அட்டையில் 1:100 அளவில் செய்து வைத்துவிடுங்கள்.

உயரமில்லாத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 2,400 சதுர அடி மனையில் 4,800 சதுர அடிவரை போகலாம். ஆனால் 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்குத்தான் ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடி அனுமதி கிடைக்கும். ‘கிடைக்கும் பரப்பை முழுக்கக் கட்டிவிடுவோம்’ என்பவரிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள். 3,500க்குள் நின்றால் நேரம் மிச்சம். முற்றத்துக்கும் மரத்துக்கும் இடம் மிச்சம். நான் பேசிய பலருக்கு அழகைவிட இந்தக் கணக்குதான் புரிந்தது.

சுயசான்று என்றால் சரிபார்ப்பே இல்லை என்று பொருளல்ல. அனுமதிக்கு முன் கள ஆய்வு இல்லாததால், தவறான அளவு கொடுத்திருந்தால் அது பின்னால்தான் வெளிப்படும். அதற்குள் சுவர் எழும்பியிருக்கும். கட்டணம் உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும். அதை வாடிக்கையாளரே நேரடியாக இணையத்தில் செலுத்தட்டும். உங்கள் கணக்கு வழியாக அந்தப் பணம் போகவே கூடாது.

6. மூன்று மாற்றுகள், மூன்று வேறு கேள்விகள்

கூடு தயாரானதும், அதற்குள் மூன்று மாற்று வடிவங்களைச் செய்யுங்கள். ஒரே திட்டத்தில் சமையலறையை இடம் மாற்றிவிட்டு மூன்று என்று எண்ணக் கூடாது. ஒவ்வொன்றும் வேறொரு கேள்வியில் தொடங்கட்டும். ஒன்றில், மொட்டைமாடியில் விழும் மழைநீர் எந்த வழியாகக் கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகிறது என்பதை முதலில் முடிவுசெய்து மற்றதை அதைச் சுற்றி அமையுங்கள். இன்னொன்றில், மாடி ஏற முடியாத பாட்டி பகல் முழுவதும் எங்கே உட்கார்ந்தால் தெருவையும் சமையலறையையும் பார்க்க முடியும் என்று தொடங்குங்கள். மற்றொன்றில், பத்தாண்டு கழித்து மாடியைத் தனி வீடாக வாடகைக்கு விடப் படிக்கட்டு எங்கே இருக்க வேண்டும் என்று தொடங்குங்கள்.

கணினியில் முகப்புப் படம் தயாரிப்பதை இந்தக் கட்டத்தில் அறவே தவிர்க்கச் சொல்வேன். பளபளக்கும் படத்தைப் பார்த்தவுடன் பேச்சு வண்ணத்துக்கும் கண்ணாடிக் கைப்பிடிக்கும் தாவிவிடும். திட்டத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். கையால் வரைந்த திட்டமும், கூரையைக் கழற்றிப் பார்க்கக்கூடிய அட்டை மாதிரியும் போதும். அட்டை, பசை, கத்தி எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் ஆகும். வீட்டில் உள்ள எல்லோரையும் அழைத்து, குறிப்பாகச் சமையல் செய்பவரை அழைத்து, மாதிரியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.

கால அளவாக, ஆவணமும் அளவீடும் இரண்டு வாரம், மாற்றுகள் நான்கு வாரம், தேர்ந்தெடுத்ததைச் செப்பனிட இரண்டு வாரம், பணி வரைபடங்கள் ஆறு வாரம் என்று எழுதிக் கொடுங்கள். ‘நல்ல நாள் பார்த்தாயிற்று, பூமி பூஜை அடுத்த வாரம்’ என்று நெருக்குவார்கள். பூஜை நடக்கட்டும், கடைக்கால் தோண்டுவது அமைப்புப் பொறியாளரின் வரைபடம் வந்த பிறகுதான் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

7. கொத்தனாரோடு ஒரு மாதிரிச் சுவர்

புதிய பொருளோ முறையோ பயன்படுத்துவதாக இருந்தால், அதை வரைபடத்தில் காட்டி ஒப்புதல் வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். மனையிலேயே நான்கடிக்கு நான்கடி ஒரு சுவர் கட்டிப் பாருங்கள். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒரு நாள் கூலி, கொஞ்சம் செங்கல், சிமெண்ட்: செலவு இவ்வளவே. இதை யார் கொடுப்பது என்பதை முன்பே எழுதிவையுங்கள்.

கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு (rat-trap bond) முறையை எடுத்துக்கொள்வோம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு, ஒன்பது அங்குலச் சுவர் எழுப்புவது இது. செங்கல்லும் கலவையும் ஏறக்குறைய கால் பங்கு குறையும். வெற்றிடம் வெப்பத்தைத் தாமதப்படுத்தும். ஆனால் செங்கல் ஒரே அளவாக இருக்க வேண்டும். கோணல்மாணலான சூளைக் கல்லில் இது ஒழுங்காக வராது. சுவிட்ச் பெட்டியும் மின்குழாயும் எங்கே என்று கட்டுவதற்கு முன்பே முடிவாக வேண்டும். கட்டிய பிறகு சுவரைக் கொத்தினால் வெற்றிடம் உடைந்து, சேமித்ததெல்லாம் பூச்சில் போய்விடும். கொத்தனாருக்கு இது புதிது என்றால் முதல் நாளில் வேலை மெதுவாகவே நடக்கும். சதுர அடிக் கூலியில் ஒப்புக்கொண்டவர் அதனாலேயே ‘இது நிற்காது சார்’ என்பார். மாதிரிச் சுவருக்கு நாள்கூலி கொடுங்கள். கை பழகியபின் சதுர அடிக்கு விலை பேசுங்கள்.

அழுத்தி நிலைப்படுத்திய மண்கல் வேண்டுமென்றால், காலக்கணக்கு வேறு. சுமார் 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்து அழுத்திய கல்லை நான்கு வாரம் ஈரத்தில் பதப்படுத்த வேண்டும் என்பதால், கல் தயாரிப்பு கடைக்காலுக்கு முன்பே தொடங்கியாக வேண்டும். மண் பொருத்தமா என்ற சோதனை அதற்கும் முன்னால். ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் இதற்குக் குறுகியகாலப் பயிற்சிகள் நடத்துகிறது. உங்கள் மேஸ்திரியையும் கூடவே அழைத்துப் போக முடிந்தால் இரட்டை லாபம். நிலைப்படுத்திய மண்கல்லுக்கு ஐஎஸ் 1725 என்ற இந்தியத் தரநிலை உண்டு. வங்கி மதிப்பீட்டாளர் தயங்கினால் அதைக் காட்டலாம். கடன் வாங்கும் கிளையில் இதை முன்கூட்டியே கேட்டுவிடுவது அதைவிட நல்லது. எந்த முறையானாலும் அமைப்புப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் சுமைதாங்கும் சுவரைத் தொடாதீர்கள்.

8. ஒப்பந்தமும் கட்டணமும்

மாற்றுகள் செய்யும் வாரங்களுக்குப் பணம் வராவிட்டால், அடுத்த முறை நீங்களே அந்த வாரங்களைச் சுருக்கிவிடுவீர்கள். அதனால் கட்டணத்தை நிலைகளாகப் பிரியுங்கள். என் பரிந்துரை: ஒப்பந்தத்தின்போது 10 சதவீதம், தேர்ந்தெடுத்த வடிவம் உறுதியானதும் 20, அனுமதி வரைபடத்துக்கு 15, பணி வரைபடங்களுக்கு 30, கட்டும் காலத்தில் மாதத் தவணையாக 20, முடிவில் 5. பெருந்தொகையைக் கடைசிக்கு வைத்தால் அது வராது என்றே கணக்கிடுங்கள். எத்தனை முறை திருத்தம் இலவசம், மனைக்கு எத்தனை முறை வருவீர்கள், வாடிக்கையாளர் மனம் மாறி இடையில் நிறுத்தினால் எவ்வளவு என்பவையும் இருக்கட்டும்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கட்டட வரைபடத்தையும் கட்டடத்தின் கலைத்தன்மையையும் காக்கிறது. கட்டும் முறையைக் காக்காது. கட்டத் தொடங்கிவிட்ட கட்டடத்தை நிறுத்தவோ இடிக்கவோ நீதிமன்றத்தில் ஆணை பெற முடியாது, இழப்பீடுதான் கேட்கலாம். ஆகவே ‘இந்த வரைபடம் இந்த மனையில் ஒரு முறை கட்டுவதற்கு மட்டும்’ என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேருங்கள்.

வரிகள்: ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும்; விகிதம் 18 சதவீதம். நிறுவனங்கள் உங்கள் கட்டணத்தில் 10 சதவீதத்தை மூலவரியாக (டிடிஎஸ்) பிடித்துக்கொண்டு தரும். அதைக் கணக்குத் தாக்கலின்போது நேர்செய்யலாம். கட்டடக்கலை உள்ளிட்ட தொழில்களுக்கு, மொத்த வருவாய் 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியை லாபமாகக் காட்டி எளிதாகக் கணக்கு முடிக்கும் வசதி உண்டு. ரொக்கமாக வந்தது மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மிகாவிட்டால் வரம்பு 75 லட்சம்.

9. கமிஷனும் விளம்பரமும்

டைல்ஸ் கடையும் சானிட்டரி கடையும் உங்களைத் தேடி வரும். கவுன்சிலின் 1989ஆம் ஆண்டுத் தொழில் நடத்தை விதிகள் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடைசெய்கின்றன. விதியை விடுங்கள், கமிஷன் வாங்கிய பிறகு ஆத்தங்குடிக் கல்லா விட்ரிஃபைட் டைல்ஸா என்பதை முடிவுசெய்வது உங்கள் கற்பனையாக இருக்காது.

அதே விதிகள் கட்டடக் கலைஞர் தம் சேவையை விளம்பரம் செய்வதையும் சில விலக்குகளோடு தடுக்கின்றன. கட்டும் வீட்டின் முன் பெயர் வைக்கலாம். எழுத்தின் உயரம் 10 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. உங்கள் வேலையின் படங்களும் விவரங்களும் ஊடகங்களில் வரலாம். அதற்குப் பணம் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. சமூக ஊடகத்தில் பணம் கட்டிப் பரப்பும் முன் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள்.

10. குடியேறிய பிறகு இரண்டு முறை, கோடையிலும் மழையிலும்

வீடு முடிந்த அடுத்த கோடையிலும் அடுத்த ஐப்பசி மழையிலும் அந்த வீட்டுக்குப் போவதை ஒப்பந்தத்திலேயே இலவச வருகையாக எழுதிவையுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ஒவ்வோர் அறையிலும் வெப்பமானியை வைத்து எண்ணைக் குறியுங்கள். எந்தச் சன்னல் எப்போதும் மூடியே இருக்கிறது, எந்த மூலையில் ஓதம் ஏறியிருக்கிறது, துணி எங்கே காய்கிறது என்று எழுதுங்கள். இரண்டாவது படியில் தொடங்கிய அளவுக் குறிப்பேட்டிலேயே இதையும் சேர்த்துவிட்டால், அடுத்த மனையில் மூன்று மாற்றுகளுக்கான கேள்விகளை அங்கிருந்தே எடுக்கலாம்.